நாலு அடுப்பு, ஒரே இலை

ஒரு வீடு பிரிந்தால் ஊர் முதலில் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "மருமகள் வந்து எத்தனை நாள் ஆயிற்று?" என்பதே அது. அண்ணன் தம்பிகளுக்குள் வருஷக் கணக்காகப் புகைந்துகொண்டிருந்த சமாசாரம் யாருக்கும் தேவையில்லை. புதிதாக வாசற்படி ஏறியவள் ஒருத்தி இருக்கிறாள் அல்லவா? அவள் தலையில் பழியைப் போட்டுவிட்டால் மற்ற எல்லாரும் நல்லவர்களாகிவிடலாம். எவ்வளவு சௌகரியமான நியாயம், பார்த்தீர்களா!

இந்த நியாயம் நம் தெருவுக்கு மாத்திரம் சொந்தம் என்று எண்ணிவிடாதீர்கள், சகோதரிகளே. இங்கிலாந்திலும் இதே கதைதான். லிவர்பூல் பட்டணத்திலிருந்து கிளம்பி உலகத்தையே ஆட்டிவைத்த பீட்டில்ஸ் கோஷ்டி 1970ல் கலைந்தபோது, பழி முழுவதும் யோகோ ஓனோ என்ற ஜப்பானியப் பெண்மணியின் தலையில் போய் விழுந்தது. ஜான் லென்னனின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். நாலு பேரையும் பிரித்துவிட்டாள்! அரை நூற்றாண்டு கடந்த பிறகும் இதை வேதவாக்காகச் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள்.

இந்த வழக்கில் விசாரிக்கப்பட வேண்டிய முக்கியமான சாட்சி ஒன்று இருக்கிறது. அதற்கு வாய் இல்லை. ஆனால் முப்பது பாட்டு இருக்கிறது. 1968 நவம்பர் 22ந் தேதி லண்டனில் வெளிவந்த இரட்டை இசைத்தட்டுத்தான் அது. உறையில் படம் கிடையாது, அலங்காரம் கிடையாது. வெள்ளை வெளேரென்று ஒரு சதுர அட்டை. முந்தின வருஷம் வந்த அவர்களுடைய தட்டின் உறையில் திருவிழாக் கூட்டம் போல் அத்தனை முகங்கள் இருந்தன. இதற்கு ரிச்சர்ட் ஹாமில்டன் என்ற ஓவியர், "ஒன்றுமே வேண்டாம்" என்று தீர்மானித்துவிட்டார். கோஷ்டியின் பெயர் மாத்திரம் வர்ணமில்லாமல் மேடாக எழும்பியிருக்கும். மூலையில், ரேஷன் கார்டைப் போல, ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு வரிசை எண். அதில் முதல் எண் கொண்ட பிரதி ரிங்கோ ஸ்டாரிடம் இருந்தது. 2015 டிசம்பரில் அவர் அதை ஏலத்துக்கு விட்டபோது 7,90,000 டாலருக்குப் போயிற்று. இந்தத் தட்டுக்கு முறையான பெயர் 'தி பீட்டில்ஸ்' என்பதுதான். யாரும் அப்படிச் சொல்லுவதில்லை. வெள்ளைத் தட்டு என்றால் எல்லாருக்கும் தெரியும்.

"பீட்டில்ஸாவது, கீட்டில்ஸாவது! வெள்ளைக்காரர் கூச்சலுக்கும் நமக்கும் என்ன ஐயா சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. இந்தத் தட்டில் உள்ள பாட்டுகளில் பெரும்பாலானவை பிறந்த இடம் லண்டன் அன்று, கங்கைக் கரை.

1968 பிப்ரவரி நடுவில் நால்வரும் தங்கள் மனைவிமாரோடும் பால் மக்கார்ட்னி தமக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணோடும், ரிஷிகேசத்தில் மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அதற்கு ஆறு மாதம் முன்னால், 1967 ஆகஸ்டில், அவர்களுடைய நிர்வாகி பிரையன் எப்ஸ்டைன் முப்பத்திரண்டு வயதில் காலமாகியிருந்தார். குடும்பப் பெரியவர் கண்ணை மூடினால் பிள்ளைகளுக்குள் என்னென்ன நடக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆசிரமத்தில் தியானம், மரக்கறிச் சாப்பாடு, குரங்குகள், நிம்மதி. ரிங்கோவுக்கு மாத்திரம் நிம்மதி கிட்டவில்லை. சிறுவயதிலேயே வயிற்று நோயால் பலகாலம் ஆஸ்பத்திரியில் கிடந்தவர் அவர். காரமும் மசாலாவும் ஒத்துக்கொள்ளாது. அதனால் ஒரு பெட்டி நிறைய டப்பாவில் அடைத்த பீன்ஸைக் கொண்டுவந்திருந்தார்! அவருடைய மனைவி மோரீனுக்கோ ஈயைக் கண்டால் ஆகாது. ரிஷிகேசத்து ஈக்கள் அதைத் தெரிந்துகொண்டு விலகிப் போய்விடுமா? ஊரில் இரண்டு சின்னஞ்சிறு பிள்ளைகளை வேறு விட்டுவிட்டு வந்திருந்தார்கள். பத்தாம் நாள் இருவரும் மூட்டை கட்டிவிட்டார்கள். பால் மார்ச்சு மாதக் கடைசியில் கிளம்பினார். ஜானும் ஜார்ஜ் ஹாரிசனும் ஏப்ரல் 12 வரை இருந்து, மகரிஷியோடு மனஸ்தாபப்பட்டுக்கொண்டு போனார்கள். அந்த மனஸ்தாபமும் வேறொரு பெயரில் பாட்டாகித் தட்டில் ஏறியது தனிக் கதை.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். ரவிசங்கரிடம் சிதார் பயின்றவர் ஜார்ஜ். முந்தைய தட்டுகளில் சிதாரும் தபலாவும் ஒலித்தன. ஆனால் இந்தியாவிலேயே உட்கார்ந்து கட்டிய பாட்டுகள் நிறைந்த இந்தத் தட்டில் சிதாரின் சத்தமே கிடையாது! ஆசிரமத்தில் மின்சார வாத்தியங்கள் இல்லை. ஆளுக்கொரு மரக் கிதார்தான். டோனவன் என்ற ஸ்காட்லாந்துப் பாடகரும் அங்கே வந்திருந்தார். விரல்களால் தந்திகளை ஒவ்வொன்றாக மீட்டும் ஒரு முறையை அவர் ஜானுக்குச் சொல்லிக் கொடுத்தார். தட்டில் கேட்கிற மிருதுவான கிதார் ஓசைகளில் சில அந்த மலையடிவாரத்துப் பாடத்தின் பலன்தான்.

அந்த முறையில் பிறந்த ஒரு பாட்டு 'டியர் புரூடென்ஸ்'. சினிமா நட்சத்திரம் மியா ஃபாரோவின் தங்கை புரூடென்ஸ், தியானம் தியானம் என்று குடிலை விட்டு வெளியே வராமல் இருந்துவிட்டாள். ஜானும் ஜார்ஜும் போய்க் கூப்பிட்டுப் பார்த்தார்கள். வா அம்மா, வெளியே வந்து வெயிலைப் பார் என்கிற மாதிரி ஒரு பாட்டு அதிலிருந்து உண்டாயிற்று. பாட்டைக் கேட்டால் அந்தப் பெண்ணுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று தோன்றும். அப்படி ஒன்றும் இல்லை. பிற்காலத்தில் அவர் தியானம் கற்றுக்கொடுக்கும் ஆசிரியையாகி, கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தெற்காசிய இயலில் டாக்டர் பட்டமும் வாங்கினார். கதவைச் சாத்திக்கொண்டு உட்காரும் பெண்களை எல்லாம் பைத்தியம் என்று சொல்லிவிடக் கூடாது!

இன்னொரு விருந்தாளி, ஓர் அமெரிக்க இளைஞர். ஆசிரமத்தில் தங்கியிருந்த தாயாரைப் பார்க்க வந்தவர், அவரையும் அழைத்துக்கொண்டு யானை மேல் ஏறிப் போய்ப் புலியைச் சுட்டுவிட்டுத் திரும்பி வந்து மகரிஷியின் எதிரே உட்கார்ந்தார். ஜானுக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. 'பங்களா பில்' என்ற கேலிப் பாட்டைக் கட்டிவிட்டார். அதில் அம்மா பிள்ளைக்குப் பரிந்துகொண்டு குறுக்கே பேசும் ஓர் அடி வருகிறது. அதைப் பாடுகிறவர் யார் என்கிறீர்கள்? யோகோ ஓனோ! கூட்டுக் குரலில் மோரீனும் உண்டு. அந்த இளைஞர் பிற்பாடு துப்பாக்கியை வைத்துவிட்டுக் காமிராவை எடுத்துக்கொண்டார். அந்த ஆசிரமம் இப்போது ராஜாஜி புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. 2015 டிசம்பர் முதல் கட்டணம் வாங்கிக்கொண்டு ஜனங்களை உள்ளே விடுகிறார்கள்.

ஊருக்குத் திரும்பிய பின், மே மாதக் கடைசியில், ஈஷர் என்ற இடத்தில் ஜார்ஜின் வீட்டில் கூடி, இருபதுக்கு மேற்பட்ட பாட்டுகளை ஒரு டேப் ரிகார்டரில் பாடி வைத்தார்கள். சிரிப்பும் கைதட்டலுமாய், வெள்ளிக்கிழமை பஜனை மாதிரி இருக்கிறது. 2018ல் தட்டின் ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பில் இவை முழுவதும் வெளிவந்துவிட்டதால், இப்போது நாமும் கேட்கலாம்.

பஜனை முடிந்தது. மே 30ந் தேதி ஆபி ரோடு ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழைந்தார்கள். அங்கேதான் அடுப்பு நாலாயிற்று.

எப்படி என்கிறீர்களா? ஒரு கூடத்தில் பால் தம் பாட்டைத் தனியாகப் பதிவு செய்துகொண்டிருப்பார். இன்னொரு கூடத்தில் ஜானும் யோகோவும் நாடாக்களை வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பார்கள். ஜார்ஜ் தம் முறைக்காகக் காத்திருப்பார். ரிங்கோ எவர் கூப்பிடுவார் என்று டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். முப்பது பாட்டுகளில் ஏறக்குறையப் பாதியில்தான் நால்வரும் சேர்ந்து வாசிக்கிறார்கள். ஆகவே, ஒவ்வொருவர் சமையலும் ஒவ்வொரு ருசியில் வந்தது. இந்தத் தட்டின் பெருமைக்கும் அதுதான் காரணம். இதன் மேல் உள்ள புகாருக்கும் அதுதான் காரணம்.

இலையில் என்னென்ன விழுகிறது, பாருங்கள். முதல் பாட்டு, கலிபோர்னியாக் கடற்கரை வாலிபர்கள் பாடும் பாணியில் சோவியத் ருஷ்யாவைப் புகழ்கிற பரிகாசம். கொஞ்சம் தள்ளி ஜமைக்கா தேசத்துத் தாளத்தில் 'ஒப்லடி ஒப்லடா'. பிறகு அமெரிக்க மேற்குப் பிரதேசத்துக் குதிரைக்காரன் கதை, கிராமத்துப் பிடிலோடு ரிங்கோ தாமே இயற்றிய முதல் பாட்டு, கறுப்பர்களின் புளூஸ், காதலியை உருகி அழைப்பது போல் தொடங்கி, பால் வளர்த்த நாயின் பெயரைத் தாங்கி நிற்கும் ஒரு பாட்டு. 'ஹனி பை' என்பது 1920களின் நாடகமேடைப் பாணி. அதில் ஓரிடத்தில் பழைய கிராமபோன் தட்டின் கரகரப்பை வேண்டுமென்றே சேர்த்திருக்கிறார்கள். பாலின் தகப்பனார் வாலிபத்தில் லிவர்பூலில் சொந்தமாக ஜாஸ் கோஷ்டி நடத்தியவர். பிள்ளை அப்பாவுக்குச் செலுத்திய மரியாதை என்று வைத்துக்கொள்ளலாம். சாக்லேட் பெட்டிக்குள் இருக்கும் ரகங்களின் பெயரை வைத்தே ஜார்ஜ் ஒரு பாட்டுக் கட்டியிருக்கிறார். பல்லைக் கெடுத்துக்கொண்டும் சாக்லேட்டை விடாத சிநேகிதர் எரிக் கிளாப்டனுக்கு எச்சரிக்கையாம் அது! ஒரு பாட்டு ஐம்பத்திரண்டு விநாடியில் முடிந்துவிடுகிறது. இன்னொன்று எட்டு நிமிஷத்துக்கு மேல் போகிறது.

பூக்காரியிடம் கதம்பம் வாங்குகிறோமே, அதில் மல்லிகைக்குப் பக்கத்தில் மரிக்கொழுந்தும் கனகாம்பரமும் இருக்கும். நார் ஒன்றாக இருப்பதால் அது சரம். இந்தத் தட்டுக்கு நார் எது? பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே மௌனம் விடாமல், ஒன்றன் வாலில் இன்னொன்றின் தலையைச் சேர்த்த அந்த ஒட்டு வேலைதான். அக்டோபர் 16ந் தேதி மாலை தொடங்கி, இடைவிடாமல் இருபத்துநாலு மணி நேரம் ஜானும் பாலும் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் உட்கார்ந்து அந்தச் சரத்தைத் தொடுத்தார்கள். மற்ற இருவரும் அப்போது வெளிநாடு போய்விட்டார்கள். தொடுப்பதிலும் பாதிக் குடும்பம் இல்லை!

'ஒப்லடி ஒப்லடா' பற்றி உங்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சந்தையில் வண்டி வைத்திருப்பவனும் கோஷ்டியில் பாடுகிற பெண்ணும் கல்யாணம் செய்துகொண்டு பிள்ளை குட்டியோடு வாழ்கிற சந்தோஷமான கதை. கடைசிச் சரணத்தில் பால் வாய்தவறிப் பெயர்களை மாற்றிப் பாடிவிட்டார். அதன்படி புருஷன் வீட்டில் உட்கார்ந்து முகத்துக்குப் பவுடர் பூசிக்கொள்கிறான்! "பரவாயில்லை, அப்படியே இருக்கட்டும்" என்று விட்டுவிட்டார்கள். கேட்பதற்கு இவ்வளவு குதூகலமான பாட்டு, பதிவு செய்யும்போது எல்லாருடைய பிராணனையும் வாங்கிவிட்டது. பாலுக்குத் திருப்தியே வரவில்லை. நாள் கணக்கில் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார். ஒருநாள் ஜான் எரிச்சலோடு வந்து பியானோவை ஓங்கி அடித்து, "இப்படித்தான் இருக்க வேண்டும்" என்கிற மாதிரி ஓர் ஆரம்பத்தைப் போட்டார். அந்தக் கோபம்தான் இன்றைக்கும் பாட்டின் முகப்பில் கும்மாளமாகக் கேட்கிறது. ஜூலை நடுவில், இந்தச் சச்சரவுகளைத் தாங்க முடியாமல், பல வருஷமாக அவர்களோடு வேலை செய்த ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக் கழன்றுகொண்டார். செப்டம்பரில் ஜார்ஜ் மார்ட்டினே, பொறுப்பை இருபத்தொரு வயதுப் பிள்ளை கிரிஸ் தாமஸிடம் விட்டுவிட்டு விடுமுறையில் போய்விட்டார்.

ஆனால் இதற்கெல்லாம் சிகரம் ஆகஸ்டு 22ந் தேதி நடந்தது. அன்று ரிங்கோ கோஷ்டியை விட்டே போய்விட்டார்.

அவர் சண்டை போடுகிற ஆசாமி அன்று. வீட்டில் எல்லாருக்கும் நல்லவராக, எதற்கும் தலையாட்டிக்கொண்டு ஒரு பிள்ளை இருப்பான் அல்லவா? அவன் ஒருநாள் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டால் எப்படி இருக்கும்? போவதற்கு முன் அவர் நேரே ஜானிடம் போனார். "நான் சரியாக வாசிக்கவில்லை என்று தோன்றுகிறது. நீங்கள் மூன்று பேரும் நெருக்கமாக இருக்கிறீர்கள், நான் வெளியாள் போல் இருக்கிறேன்" என்று மனத்தைத் திறந்து சொன்னார். ஜானுக்கு ஆச்சரியம். "நீங்கள் மூன்று பேரும்தான் நெருக்கம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்!" என்றார். ரிங்கோ அங்கிருந்து பாலின் வீட்டுக்குப் போய் அதையே சொன்னார். பாலும் அதே பதிலைச் சொன்னார்! ஜார்ஜிடம் போய்க் கேட்பதில் பிரயோஜனம் இல்லை என்று, பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சார்டினியாத் தீவுக்குப் போய்விட்டார். பிற்காலத்தில் ரிங்கோவே சொன்ன கதை இது.

இந்த இடத்தில் சற்று நிறுத்தி யோசியுங்கள், சகோதரிகளே. மற்ற மூன்று பேரும் ஒன்று, நான் மாத்திரம் தனி என்று ஒரே வீட்டில் ஒருவர் தவறாமல் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்கள். யாரும் யாரிடமும் கேட்கவில்லை. இதை எந்த மருமகள் வந்து மூட்டிவிட வேண்டும்?

ரிங்கோ இல்லை என்று வேலை நிற்கவில்லை. தட்டின் முதல் இரண்டு பாட்டுகளிலும் டிரம்ஸ் வாசிப்பவர் பால். இதைத் தெரிந்துகொண்டு கேட்டால், அந்த உற்சாகமான முதல் பாட்டில் ஒரு நாற்காலி காலியாக இருப்பது காதுக்குத் தெரியும். பிறகு ஒரு தந்தி போயிற்று: உலகத்திலேயே சிறந்த டிரம்ஸ்காரர் நீதான், திரும்பி வா என்கிற பொருளில். செப்டம்பர் முதல் வாரத்தில் அவர் திரும்பியபோது டிரம்ஸ் முழுவதும் பூக்களால் அலங்கரித்து வைத்திருந்தார்கள். ஜார்ஜின் ஏற்பாடு அது.

ஜார்ஜுக்கே குறை குறைவாகவா இருந்தது? முப்பது பாட்டில் அவருக்குக் கிடைத்த பங்கு நாலே நாலு. தம்முடைய மிக நல்ல பாட்டு ஒன்றை மற்றவர்கள் சட்டை செய்யாமல் ஏனோதானோ என்று வாசிப்பதைப் பார்த்து அவர் ஒரு தந்திரம் செய்தார். செப்டம்பர் 6ந் தேதி எரிக் கிளாப்டனைக் கையோடு கூட்டிவந்துவிட்டார். பீட்டில்ஸ் தட்டில் வெளியார் வந்து கிதார் வாசிப்பதா என்று கிளாப்டன் தயங்கினார். "பாட்டு என்னுடையது, வா" என்றார் ஜார்ஜ். விருந்தாளி வந்துவிட்டால் நம் வீட்டில் என்ன ஆகும்? நேற்று வரை முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் இன்றைக்குக் காபி டம்ளரை நீட்டிச் சிரிப்பார்கள். அதேதான் நடந்தது! எல்லாரும் மரியாதையாக, ஒழுங்காக வாசித்தார்கள். 'ஒயில் மை கிதார் ஜென்ட்லி வீப்ஸ்' என்ற அந்தப் பாட்டில் கிதார் நிஜமாகவே விம்முகிறது. என் அபிப்பிராயத்தில் இந்தத் தட்டின் மாணிக்கம் அதுதான்.

ஒரேயடியாகச் சண்டைதான் என்று எண்ணிவிடவும் வேண்டாம். ஆகஸ்டில் ஒருநாள் சாமான் அறை போன்ற ஒரு சின்ன அறைக்குள் நால்வரும் நெருக்கியடித்து நின்றுகொண்டு ஒரு புளூஸ் பாட்டை வெளுத்து வாங்கினார்கள். செப்டம்பர் 18ந் தேதி வேலையை நடுவில் நிறுத்திவிட்டு, பாலின் வீட்டுக்கு நடந்து போய் டெலிவிஷனில் ஒரு பழைய சினிமாவைப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து பிறந்தநாள் பாட்டை முடித்தார்கள். யோகோவும் ஜார்ஜின் மனைவி பாட்டியும் அதற்குக் கூடப் பாடினார்கள்.

யோகோ விஷயத்துக்கு வருகிறேன். அவர் தினந்தோறும் கூடத்துக்கு வந்து ஜானின் பக்கத்தில் உட்கார்ந்தது வாஸ்தவம். மற்றவர்களுக்கு அது பிடிக்கவில்லை என்பதும் வாஸ்தவம். அதுவரை மனைவிமார் ஒலிப்பதிவின்போது உள்ளே வந்து உட்காரும் வழக்கமில்லை. ஆனால் எப்ஸ்டைன் இறந்தது யோகோவாலா? ஜார்ஜுக்கு நாலு பாட்டு கொடுத்தது யோகோவா? ரிங்கோவின் மனம் உடைந்தது யோகோவாலா? பால் மக்கார்ட்னியே 2012ல் ஒரு பேட்டியில், கோஷ்டி உடைந்ததற்கு யோகோ காரணம் இல்லை என்று பகிரங்கமாகச் சொல்லிவிட்டார். 2021ல் வெளிவந்த பீட்டர் ஜாக்ஸனின் நீண்ட படத்தில் 1969 ஜனவரிக் காட்சிகளைப் பார்த்தவர்களுக்கும் தெரியும்: அவர்கள் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள், அந்த அம்மாள் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருக்கிறார்.

கலைத்த குடும்பம் ஒன்று உண்டென்றால், அது வேறு. ரிஷிகேசத்தில் ஜான் விடிகாலையில் எழுந்து தபால் எடுக்கப் போவார். யோகோவிடமிருந்து வந்த கடிதங்கள் அவை. கூட இருந்த மனைவி சிந்தியாவுக்கு அது தெரியாது. மே மாதம் சிந்தியா கிரீஸ் தேசத்துக்குப் போய்விட்டுத் தம் வீட்டுக்குத் திரும்பியபோது அங்கே யோகோ உட்கார்ந்திருந்தார். நவம்பர் 8ந் தேதி விவாகரத்து. தட்டு வெளிவந்தது அதற்குப் பதினாலாம் நாள். இதற்கு ஜானைத்தான் கேட்க வேண்டும். ஆனால் ஊர் அவரை மகாகலைஞர் என்றது. பழியைப் பெண் தலைக்கு அனுப்பிவிட்டது.

சரி, முப்பதையும் கேட்கத்தான் வேண்டுமா? "நல்லதாகப் பதினாலைப் பொறுக்கி ஒரே தட்டாகப் போடுங்கள்" என்று ஜார்ஜ் மார்ட்டின் அப்போதே மன்றாடினார். ரசிகர்கள் இன்றுவரை ஆளுக்கு ஒரு பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. பொறுக்கி எடுத்தால் அருமையான தட்டு ஒன்று கிடைக்கும். நம் சாட்சி போய்விடும். ஆனால் 'ரெவல்யூஷன் 9' என்ற எட்டு நிமிஷ நாடாக் கதம்பத்தை, நள்ளிரவில் ரேடியோவின் முள்ளை யாரோ திருகுகிற மாதிரியான அந்தச் சத்தத்தை, ஒருதரம் கேட்டால் போதும். இரைச்சலுக்கென்றே செய்த 'ஹெல்டர் ஸ்கெல்டர்' கூட எனக்குப் பிடிக்கும். அது பொருட்காட்சிகளில் சுற்றிச் சுற்றி இறங்கும் சறுக்குமரத்தின் பெயர். 1969ல் அமெரிக்காவில் கொலைக்கும்பல் நடத்திய மேன்சன் என்பவன் அதற்குள் தனக்கு ஏதோ கட்டளை இருப்பதாகப் பிதற்றினான். சறுக்குமரம் என்ன செய்யும், பாவம்!

'பிளாக்பேர்ட்' என்ற பாட்டை மாத்திரம் தவறவிடாதீர்கள். பால் தனியாக உட்கார்ந்து, காலால் தாளம் தட்டிக்கொண்டு பாடியது. பையனாக இருந்தபோது ஜார்ஜோடு சேர்ந்து பழகிய பாக் என்ற மேதையின் ஓர் உருப்படியிலிருந்து கிதார் நடை வந்ததாம். அமெரிக்காவின் தென்பகுதியில் உரிமைக்குப் போராடிய கறுப்பினப் பெண்களை எண்ணி எழுதியது என்று அவர் சொல்லியிருக்கிறார். 1957ல் லிட்டில் ராக் நகரத்தில், வெள்ளையர் பள்ளிக்கூடத்துக்குள் காலெடுத்து வைத்த ஒன்பது பேரில் இருவரை, எலிசபெத் எக்ஃபோர்டையும் தெல்மா மதர்ஷெட் வேரையும், 2016ல் அந்த ஊரிலேயே சந்தித்தார். 2024ல் பியான்சே அந்தப் பாட்டைக் கறுப்பினப் பாடகிகள் நால்வரோடு சேர்ந்து பாடித் தம் தட்டில் வெளியிட்டார். பாட்டு, போக வேண்டிய வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் டெலிபோனில் இந்தத் தட்டு முழுவதும் கிடைக்கும். ஆனால் அது பாட்டுகளைக் கலைத்துப் போட்டு விளையாடும். அப்படி வேண்டாம் என்று சொல்லி, வரிசையாக வைக்கச் சொல்லுங்கள். பக்கத்துக்கு இருபத்தைந்து நிமிஷம் கூட ஆகாது; நாளைக்கு ஒரு பக்கம் வீதம் கேட்டால் போதும். இரண்டாம் பக்கத்தின் கடைசியில் 'ஜூலியா' வரும். ஜான் பீட்டில்ஸ் தட்டுகளில் முழுக்க முழுக்கத் தனியாகப் பாடி வாசித்தது அது ஒன்றுதான். ஜூலியா அவருடைய தாயார். பிள்ளையைத் தமக்கை மிமியிடம் வளர விட்டவர். பிற்பாடு பிள்ளைக்குப் பாஞ்சோ வாத்தியத்தில் பாடம் சொல்லிக் கொடுத்தவர். 1958 ஜூலையில் தமக்கை வீட்டிலிருந்து வெளியே வந்து தெருவைக் கடக்கும்போது மோட்டார் மோதி இறந்துபோனார். ஜானுக்கு வயது பதினேழு. பத்து வருஷம் கழித்து ரிஷிகேசத்தில் அம்மாவைப் பாடும்போது, யோகோ என்ற பெயரின் பொருளையும் அதற்குள் வைத்துப் பாடிவிட்டார்.

நாலாம் பக்கத்தின் கடைசியில், அந்த நாடாச் சத்தம் ஓய்ந்ததும் ஒரு தாலாட்டு. ஐந்து வயது மகன் ஜூலியனுக்காக ஜான் கட்டியது. எந்த வருஷத்தில் என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் குழந்தையின் வீட்டை விட்டு அவர் வெளியேறிய வருஷத்தில்! அதை அவர் பாடவில்லை. ரிங்கோவைப் பாடச் சொல்லிவிட்டார். தட்டில் ரிங்கோவின் குரலுக்குப் பின்னால் பிடில்களும் கூட்டுக் குரல்களும் கல்யாண வீடு போல் நிறைந்திருக்கும். மற்ற மூவரும் அதில் கிடையாது.

ஆனால் 2018ல் வந்த பதிப்பில், பிடில்களைச் சேர்ப்பதற்கு முன்னால் அவர்கள் ஒத்திகை பார்த்த ஒரு பதிவை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். ஒரு கிதார் மாத்திரம் ஒலிக்கிறது. ரிங்கோ பாடுகிறார். மற்ற மூன்று பேரும் கூடச் சேர்ந்து, ஒருவர் குரலை ஒருவர் மிஞ்சாமல், மெதுவாகப் பாடுகிறார்கள். மூன்று நிமிஷம் கூட இல்லை. குழந்தைகளைப் படுக்கப் போட்ட பிறகு, விளக்கைக் குறைத்துவிட்டுக் கேளுங்கள்.